பெயர் வெட்டிய சட்டி

எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் செத்தவர்களின் பாத்திரங்களில்தான் சாப்பிடுகிறோம். நான் காலையில் தேத்தண்ணி குடிக்கிற பேணியில் ஒரு பழைய தலைமை வாத்தியாரின் பெயர் இருக்கிறது. என் மனைவி மோர்மிளகாய் போட்டு வைத்திருக்கிற டப்பா லண்டனில் காலமான ஒரு டொக்டருடையது. அவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீட்டில் சாப்பாடு போட்டு, வந்தவர்களின் கையில் செத்தவரின் பெயரோடு ஒரு சாமானைக் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கம். முந்தி கல்வெட்டு என்று சின்னப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அதை யார் வாசித்தார்கள்? பிறகு பேணி வந்தது, தட்டு வந்தது. வெளிநாட்டுக் காசு வரவர சாமானும் வளர்ந்தது. இப்போது அந்தியேட்டிக்குப் போய் வந்தவரைக் கண்டால் சனம் முதலில் கேட்பது, "என்ன குடுத்தவை?" என்பதுதான்.

இந்தப் போட்டியில் கடைசியாக வென்றவர் தியாகராசா. சாவகச்சேரியில் சீமெந்துக் கடை வைத்திருக்கிறவர். மகன்மார் இருவரும் கனடாவில். தாய் தெய்வானை ஆச்சி மோசம்போனதற்கு அவர் கொடுத்தது எவர்சில்வர் சருவச்சட்டி. வாய் அகன்றது, இரண்டு பக்கமும் பிடி, மேலே மூடி. விளிம்பைச் சுற்றி 'அமரர் சின்னத்தம்பி தெய்வானை' என்று பெயர் வெட்டியிருந்தது. ஒட்டியது இல்லை ஐயா, வெட்டியது! வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடி கடதாசி மாதிரி. சோறு வைத்தால் பிடிக்கும், பால் வைத்தால் கருகும். யாராவது வாய் திறந்து சொல்வார்களா? எங்கள் வீட்டில் அது அலுமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நாகலிங்கத்தின் வீட்டில் அலுமாரி இல்லை. அங்கே அது மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறப்போடப் போனது.

நாகலிங்கம் சாவகச்சேரிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவன். ஊரில் 'மூட்டை நாகலிங்கம்' என்றால்தான் தெரியும். விடிய எழும்பி முதல் வேலையாக அந்தச் சட்டியை மாட்டுக்கு முன்னால் வைப்பான். மாடு மூஞ்சியால் தள்ளித் தள்ளித் தின்கிற சாதி. லேசான சட்டியோ வளவெல்லாம் ஓடும். அதனால் குந்தியிருந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். "தின் பிள்ளை, தின். ஆரும் பறிக்க மாட்டினம்" என்று அவன் சொல்வது எனக்குப் படுக்கையில் கேட்கும். பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் அப்படிக் கொஞ்சியதை நான் கேட்டதில்லை. அந்த மாட்டின் பாலில்தான் மகள் தனுசியா எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பஸில் படித்தாள்.

வைகாசியில் ஒரு நாள் வெங்காய மூட்டை ஒன்றை இறக்கிவைத்துவிட்டு, "எப்பன் இருந்திட்டு வாறன்" என்று லொறிச் சில்லில் சாய்ந்து உட்கார்ந்தான். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுத் தட்டியபோது உடம்பில் உயிர் இல்லை.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து இரண்டொரு நாளில் தியாகராசா வந்தார். நாகலிங்கத்துக்கு அவர் பெரியம்மா மகன், அண்ணன் முறை. சோளகக் காற்று தொடங்கி விட்டிருந்தது. பனையோலைகள் ஓயாமல் சடசடக்க, செம்மண் புழுதி வாசல்வரை வந்து விழுந்தது. நான் நாகலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தேன். வாசல் படலையில் காரின் சத்தம் கேட்டதும் அவன் மகன் நிருஷன் துள்ளி எழும்பிப் பின்பக்கம் ஓடினான். சாவகச்சேரியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் விற்பனைக்கு நிற்கிற பெடியன்; எந்நேரமும் மடிப்புக் குலையாத சேர்ட். கொள்ளி வைத்த மொட்டைத் தலையைத் தொப்பியால் மூடியிருந்தான். ஓடிப்போய் ஒரு உரச்சாக்கை எடுத்துத் தெய்வானை ஆச்சியின் சட்டிமேல் போட்டுவிட்டு ஒன்றும் நடவாதவன் மாதிரித் திரும்பி வந்தான்.

மாட்டுக்கு இதெல்லாம் விளங்குமா? புண்ணாக்கு மணத்துக்குச் சாக்கைக் கவ்வி இழுத்து ஒரு பக்கம் எறிந்தது. தியாகராசா கிணற்றடியில் கால் கழுவப் போனவர், நின்று பார்த்தார். புண்ணாக்கு நுரைக்குள்ளே அவருடைய தாயின் பெயர் பளபளத்தது. அவர் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கால் கழுவி வந்து கதிரையில் இருந்தார்.

"பால் எவ்வளவு கறக்குது?" என்று கேட்டார்.

"வீட்டுக்கும் எடுத்து, பால் வானுக்கும் ஊத்துறம் பெரியப்பா" என்றான் நிருஷன். 

"நல்லது, நல்லது. பின்னை, அந்தியேட்டிக்கு என்ன குடுக்கிற யோசினை?"

"இன்னும் யோசிக்கேல்லை."

"யோசிக்க என்ன கிடக்கு? ஒரு தேத்தண்ணிப் பேணி, அதிலை பேர் அடிச்ச ஒரு ஸ்ரிக்கர். போதும். உங்கடை நிலைமை சனத்துக்குத் தெரியாதே? ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்." தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பினார். "பேணியெண்டால் பிறகு எல்லாத்துக்கும் பாவிக்கலாம்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

'உங்கடை நிலைமை' என்ற அந்தச் சொல்லை நிருஷன் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தான். தொப்பியைக் கழற்றினான், போட்டான். ஃபோனை எடுத்து என்னவோ தேடினான். பிறகு என்னிடம் வந்து படத்தைக் காட்டினான். அதே சருவச்சட்டி, ஆனால் அடி தடித்தது.

"இது எப்பிடி மாமா?"

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் ஊர் முழுக்க வருமே, தம்பி. எவ்வளவு செலவாகும்?"

"அதை நான் பாக்கிறன்" என்றான். அவன் கண் மாட்டுக் கொட்டிலைப் பார்த்தது. 

சனிக்கிழமை தனுசியா திருநெல்வேலியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். அவள் வந்து கை கால் கழுவவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் முருங்கைக்காய் பறிக்கிற சாட்டில் நின்றேன். காது கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"உனக்கென்ன விசரோ அண்ணை? மாட்டை வித்துச் சட்டி வாங்கிப்போட்டு, பிறகு சட்டியையே கறக்கப் போறாய்?"

"வாயை மூடு. உனக்குக் கம்பஸுக்கு வேண்டியதை நான் தருவன்."

"நீ! உன்ரை சம்பளம் உன்ரை சேர்ட்டுக்கும் ஃபோனுக்குமே காணாது. மாசம் பிறக்க அம்மாட்டைக் கை நீட்டுறது ஆர்?"

"அது கடையிலை நிக்கிறதுக்கு! அழுக்குச் சேர்ட்டோடை நிண்டால் ஆர் என்னட்டைச் சாமான் கேப்பினம்? உனக்கென்ன தெரியும். கடைக்கு வாற சனம் 'மூட்டையின்ரை மோன்தானே நீ' எண்டு கேக்கிறதை நீ கேட்டனியே?"

"கேட்டால் ஓம் எண்டு சொல்லன். என்ன குறைஞ்சுபோகுது?"

அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். சத்தம் தாழ்ந்தது. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

"அப்பான்ரை பேர் எங்கையாவது இருக்கோ, சொல்லு பாப்பம். இந்தக் காணி அம்மான்ரை சீதனம். வீடு வீட்டுத்திட்டத்திலை வந்தது, அதுவும் அம்மான்ரை பேரிலை. கோயில்லை உபயகாரற்றை பேர் வெட்டின கல்லு நிக்குது, அதிலை இருக்கோ? அந்த மனிசன் சீவியம் முழுக்க மூட்டை சுமந்தது. எல்லா மூட்டையிலையும் ஆற்றையோ பேர்தான். ஒரு இடத்திலை, ஒரே ஒரு இடத்திலை அவற்றை பேரை வெட்டி வைக்கிறன். அதுக்கும் ஸ்ரிக்கர் ஒட்டச் சொல்லுறியோ? ஒரு கழுவிலை உரிஞ்சுபோறதுக்கு?"

தனுசியா தோளில் கிடந்த பையை இறக்கி விறாந்தையில் வைத்தாள். அவள் கெட்டிக்காரி, ஆனாலும் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை.

தாய் கனகாம்பிகை அதுவரைக்கும் குசினி வாசலில் குந்தியிருந்து பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத மனுஷி. "மாட்டை மாத்திரம் தொடாதை மோனை" என்று முதல் நாளே மகனிடம் சொல்லியிருந்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் இந்தக் கூத்து நின்றுவிடும் என்று நான் நம்பிக்கொண்டு நின்றேன்.

"தெய்வானை ஆச்சியின்ரை அந்தியேட்டிக்கு நானும் போனனான்" என்று தொடங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. "சாப்பிடுற இடத்திலை போய் இருக்க வெளிக்கிட, பெரியப்பான்ரை மனிசி வந்து, 'கனகம், நீ எங்கடை ஆள்தானே, பின்னுக்கு எப்பன் பார்' எண்டா. கிடாரம் எல்லாம் மினுக்கினன். கடைசியிலை குசினிக்கை நிண்டு சாப்பிட்டன். எல்லாருக்கும் வாசல்லை நிண்டு கும்பிட்டுச் சட்டி குடுத்தவை. எனக்குப் பின்வாசலாலை, ஈரக் கையிலை தந்தவை."

"இதை ஏனம்மா அப்பவே சொல்லேல்லை?" என்றாள் மகள்.

"சொல்லி? கொப்பரிட்டை சொன்னன். 'சட்டி நல்ல சட்டிதானே, பிள்ளைக்குப் புண்ணாக்குப் போடுவம்' எண்டார்." கனகாம்பிகை பயத்தங்காய்ச் சுளகைத் தள்ளி வைத்தாள். அவள் கண்ணில் நான் அதுவரை காணாத ஒரு மினுக்கம். "செய்யிறதெண்டால் வடிவாச் செய். வாறவை அவற்றை பேரைப் பாத்திட்டுப் போகட்டும்."

போச்சா! முருங்கைக்காயையும் பறிக்காமல் நான் வீட்டுக்குள் போனேன். என் மனைவியிடம் சொன்னேன். அவள் அலுமாரிக்கு மேலே இருந்த தெய்வானை ஆச்சியின் சட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பின்னை என்ன, அவையும் மனிசர்தானே" என்றாள். நான் அவளோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அலுமாரி வாயை அடைத்துவிட்டது.

மாட்டை வாங்கியது லெனாட். கச்சாய்ப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருக்கிற மனுஷன், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், விலையில் நியாயமானவர். லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெஷினில் பின்பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார். கன்றுக்குட்டி சுகமாக ஏறிவிட்டது. தாய்மாடு படலையோடு நாலு காலையும் ஊன்றி நின்றது. லெனாட் இழுத்தார், நிருஷன் தள்ளினான், நானும் போய் வாலை முறுக்கினேன். அசைந்தால்தானே! காற்று வேறு கண்ணுக்குள்ளே மண்ணை அள்ளிக் கொட்டியது. நிருஷனின் வெள்ளைச் சேர்ட் முழுக்கச் சாணி.

கனகாம்பிகை குசினியை விட்டு வெளியே வர மாட்டேன் என்று உள்ளே இருந்தவள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். தலைச் சீலையை இறுக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அச்சொட்டாகப் புருஷனின் குரலில், "வா பிள்ளை" என்றாள்.

மாடு ஏறிவிட்டது.

அதைப் பார்க்க நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. லெனாட்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குறை நினையாதையுங்கோ தங்கச்சி" என்றார். அவள் கொட்டிலைக் கூட்டத் தொடங்கினாள். மாடு இல்லாத கொட்டிலைக் கூட்டி என்ன செய்ய?

முப்பத்தோராம் நாள் எல்லாம் சிறப்பாகத்தான் நடந்தது. விடிய கீரிமலை போய் வந்து, வீட்டில் படையல் வைத்தார்கள். நாகலிங்கத்துக்குப் பிடித்த எள்ளுருண்டையும் பனங்கட்டியும் பீடியும் வாழையிலையில் இருந்தன. பந்தலுக்குள் சனம் முட்டி வழிந்தது. மூட்டைக்காரனின் அந்தியேட்டிக்கு இவ்வளவு சனமா என்று எனக்கே ஆச்சரியம். சட்டிக் கதை முன்னமே ஊரெல்லாம் பரவியிருந்தது என்று பிறகு அறிந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயாசம், வடை, மோர் என்று பந்தி பந்தியாகப் போனது.

வாசலில் கனகாம்பிகையும் பிள்ளைகளும் நின்று ஒவ்வொருவராகக் கும்பிட்டுச் சட்டி கொடுத்தார்கள். கூலிக்கு மூட்டை தூக்குகிற ஆட்கள் சந்தையிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவன் சட்டியை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டி, "எழுத்து நிக்குது" என்று சொல்லி அழுதான். நிருஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பெடியன் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் கண்டதில்லை.

தியாகராசா வாங்கியவர் அங்கேயே சட்டியைக் கவிழ்த்தார். அடியில் விரல் முட்டியால் தட்டினார். டொங் என்று கோயில் மணி மாதிரிச் சத்தம்.

"பாரமாய்க் கிடக்கு" என்றார்.

"ஓம் பெரியப்பா. அடி தடிச்சது. அடுப்பிலை வைக்கலாம்" என்றான் நிருஷன்.

அந்த 'அடுப்பிலை வைக்கலாம்' சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். தியாகராசா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சட்டியைக் காரின் பின்சீற்றில் வைத்துக்கொண்டு போனார். லெனாட்டும் வந்து சாப்பிட்டு, ஒரு சட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மாடு எப்படி என்று கனகாம்பிகை கேட்டாள். "பழகும், பழகும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளிக்கிட்டார்.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு நான் பந்தல் தடி கழற்ற நின்றேன். கனகாம்பிகை சாப்பிட்ட வாழையிலைகளை அள்ளிக் கை நிறைய அணைத்துக்கொண்டு கொட்டில் வரைக்கும் போனாள். கொட்டிலடியில் போய்த்தான் நினைவு வந்தது. போட வாய் இல்லை. இலைகளோடு அப்படியே நின்றாள். காற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் தடியைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவள் கையிலிருந்ததை வாங்கிக் குப்பைக் கிடங்கில் கொட்டினேன்.

பிறகு வந்த நாட்களில் அந்த வீடு ஒரு நிலையில் இருக்கவில்லை. தேத்தண்ணி பால் இல்லாத வெறும் தேத்தண்ணி ஆனது. தனுசியா போடிங் அறையை விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் போய் வரத் தொடங்கினாள்; விடியக் கருக்கலில் போகிறவள் மின்கம்பத்து வெளிச்சத்தில் வந்து இறங்குவாள். தமையனோடு பேச்சு இல்லை. மிஞ்சிய சட்டிகளை நிருஷன் அறை மூலையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தான். முதல் இரண்டு நாள் வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினான். மூன்றாம் நாள் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டான். கடையால் வந்து சாப்பிட இருப்பான், எழும்புவான், படலைக்குப் போவான், வருவான். விடியப்புறம் வழக்கமான நேரத்துக்கு எனக்கும் விழிப்பு வந்துவிடும். "தின் பிள்ளை" கேட்காது.

அப்போதுதான் லெனாட்டின் ஃபோன் வந்தது. நிருஷன் வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டான். முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா, மாடு தின்னுதில்லையாம். வைக்கல் எப்பன் கடிக்குதாம், புண்ணாக்கிலை வாயே வைக்குதில்லையாம். பாலும் வத்திப்போச்சாம். 'இப்பிடியெண்டால் மாட்டைத் திருப்பிக் கொண்டுபோ தம்பி, காசைத் தா' எண்டு நிக்கிறார். நான் காசுக்கு எங்கை போக? மாடு செத்துக்கித்துப் போச்சுதெண்டால்..."

கனகாம்பிகை உள்ளே இருந்து வந்தாள். "எதிலை வைக்கினமாம்?"

"சீமெந்துத் தொட்டியிலை."

"அதிலை தின்னாது. அதுக்குப் பழக்கமில்லை." திரும்பிப் போய்க் கொட்டில் மூலையில் கவிழ்த்துக் கிடந்த தெய்வானை ஆச்சியின் சட்டியை எடுத்து, கிணற்றடியில் உரஞ்சிக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினாள். "இதைக் கொண்டுபோய்க் குடு. பிடிச்சுக்கொண்டு இருந்தால் தின்னும். கெதியாப் போ."

நிருஷன் சட்டியை வாங்கவில்லை. "இதையோ? இதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு பெரியப்பான்ரை கடைக்கு முன்னாலை போகச் சொல்லுறீங்களோ?"

"அப்ப பட்டினி கிடந்து சாகட்டும், என்ன?" என்றாள் தாய். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கடைசியில் சட்டியை ஒரு உரச்சாக்குக்குள் போட்டுக் கட்டி, நிருஷன் ஓட்ட, நான் மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினேன். தியாகராசாவின் கடையைக் கடக்கும்போது பெடியன் வண்டியை முறுக்கிய முறுக்கில் என் சால்வை பறந்துபோகப் பார்த்தது. கச்சாய் வீதியில் தென்னைகள் தலைவிரித்து ஆடின. காற்று எதிர்ப்பக்கமாக வந்து எங்களைத் தள்ளியது. வழி முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். காசைத் தவணைக்குக் கேட்கலாமோ, ஃபோனை விற்கலாமோ, மிச்சச் சட்டிகளைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ.

"பேர் வெட்டினதை ஆர் தம்பி திருப்பி எடுப்பினம்?" என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன் வண்டியை இன்னும் முறுக்கினான்.

லெனாட் வாசலிலேயே நின்றார். எங்களைக் கண்டதும் அந்தரப்பட்டு ஓடி வந்தார்.

"தம்பி, வந்திட்டியளே? நான் இப்பத்தான் திரும்ப ஃபோன் எடுக்க வெளிக்கிட்டனான். தின்னுது, தம்பி! உங்களுக்கு ஃபோன் எடுத்த கையோடை தின்னத் தொடங்கிட்டுது. காசுக் கதையை விடுங்கோ."

"எப்பிடி?" என்றான் நிருஷன்.

 லெனாட் தலையைச் சொறிந்தார். "குறை நினையக் கூடாது. எங்கடை மனிசி வேண்டாம் வேண்டாம் எண்டுதான் சொன்னவ. ஆள் பேர் உள்ளது, பாவம் எண்டு. எல்லாத்திலையும் வைச்சுப் பாத்தாச்சு, தம்பி. வாளி, தாச்சி, ஒண்டும் சரிவரேல்லை. கடைசியிலை வேறை வழி தெரியாமல்..."

அவர் முடிக்குமுன் நாங்கள் கொட்டிலுக்குப் போய்விட்டோம்.

மாடு தின்றுகொண்டு நின்றது. மூஞ்சி முழுவதும் சட்டிக்குள்ளே. புண்ணாக்கு நுரை விளிம்புவரை ஏறி இறங்க, 'அமரர்' தெரிந்தது, மறைந்தது, 'நாகலிங்கம்' தெரிந்தது. தடித்த அடி. மாடு எவ்வளவு தள்ளியும் சட்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நல்ல பாரமான சட்டி" என்றார் லெனாட் பின்னால் நின்று, சமாதானம் சொல்கிற குரலில். "பிடிக்கவும் தேவையில்லை."

நான் நிருஷனைப் பார்க்கப் பயந்தேன். சட்டியை உதைப்பானோ, லெனாட்டின் சேர்ட்டைப் பிடிப்பானோ? என்ன கேட்டு உதைப்பது? என் கையில் சாக்குக்குள்ளே தியாகராசாவின் தாய் இருந்தாள். அவனுக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். சாக்கை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

பிறகு போய் மாட்டுக்கு முன்னால் குந்தினான். சேர்ட்டைப் பற்றி யோசிக்கவில்லை. பிடிக்கத் தேவையில்லாத சட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தான். மாடு தலையைத் தூக்கி அவனை மணந்துவிட்டு, நுரை மூஞ்சியை அவன் நெஞ்சில் துடைத்துவிட்டு, மறுபடி குனிந்தது.

"தின் பிள்ளை" என்றான்.  தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தகப்பன் செத்த அன்று ஊர் பார்க்க அழுததைவிட இது வேறு அழுகை. லெனாட் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பும்போது பெடியன் வண்டியை மெல்ல ஓட்டினான். தியாகராசாவின் கடையடியில் வேகம் கூட்டவில்லை. தியாகராசா வாசலில் நின்றார், கையைக் காட்டினார். இவனும் காட்டினான்.

கனகாம்பிகை படலையில் நின்றாள். வண்டி நிற்குமுன் கேட்டாள். "தின்னுதோ?"

"ஓம்."

"நான் சொன்னன்தானே. அந்தச் சட்டியெண்டால் தின்னும்."

நிருஷன் என்னைப் பார்த்தான். நான் சாக்கைப் பின்னால் மறைக்கப் பார்த்தேன், காலம் பிந்திவிட்டது. அவள் சாக்கையும் பார்த்தாள், மகனின் நெஞ்சில் காய்ந்துபோன புண்ணாக்கையும் பார்த்தாள்.

"எதிலை தின்னுது?"

"அப்பான்ரை சட்டியிலை" என்றான்.

அவள் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள். "அந்த மனிசன் விடுமே! செத்தும் போய்ப் பிள்ளைக்குத் தீன் வைச்சுக்கொண்டெல்லோ நிக்குது" என்றாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த சாக்கை வாங்கி அவிழ்த்தாள். தெய்வானை ஆச்சியின் சட்டி காலையில் அவள் உரஞ்சிக் கழுவிய மினுக்கத்தோடு வெளியே வந்தது. அதை வெறும் கொட்டிலைப் பார்த்தபடி சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை ஏன் மோனை திருப்பிக் கொண்டுவந்தனி?" என்றாள். "அங்கையே விட்டிட்டு வந்திருக்கலாமே. இஞ்சை இனி ஆர் தின்னக் கிடக்கு?"